காலைக் கையெழுத்து

பிப்ரவரி 4

கடுகுக்கு,

'நலம்' என்று தொடங்க முடியவில்லை. 'நலமறிய ஆவல்' என்பது மட்டும் உண்மை. உறையின் மேல் என் எழுத்தைப் பார்த்ததும் நீ இதைப் பிரிக்காமலே கிழித்துப் போட்டிருக்கலாம். போட்டிருந்தால் உன்மேல் தவறில்லை. ஆஸ்பத்திரியில் அத்தனை பேர் முன்னால் "இனி என் வீட்டு வாசலை மிதிக்காதே" என்று உன்னிடம் சொன்னவன் நான். கல்லூரியில் வேதியியல் நடத்திய காலமெல்லாம் கடைசி பெஞ்சு மாணவனைக்கூட அதட்டியதில்லை. சொந்தக் கொழுந்தியாளை அதட்டினேன்.

நீ கேட்டதும் சின்னக் கேள்வி இல்லை. "கண்ணு மஞ்சளா இருக்குன்னு அக்கா சொன்னப்பல்லாம் பல்பு வெளிச்சம்னு சொன்னீங்களே அத்தான், இப்ப ஈரல் சுருங்கிப் போச்சுங்கறாங்க, அதையும் பல்பு மேலயே போட்டுருங்க" என்றாய். பதில் இல்லாதவன்தான் சத்தம் போடுவான். அதைப் பற்றி எழுத இப்போது உட்காரவில்லை.

போனில் கூப்பிடலாம் என்றால், என் எண்ணை நீ அடைத்து வைத்திருக்கிறாயாம், உன் அக்கா சொன்னாள். போனில் உன்னோடு பேசினால் நான் ஒரு வாக்கியத்தைக்கூட முடிக்க முடியாது என்பது வேறு விஷயம். அதைவிட முக்கியம், நான் போன் பேசினால் நர்ஸ் கேட்பாள். இந்தக் கடிதமே அவளைப் பற்றியதுதான்.

உன் அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த மறுநாளே ஏஜென்சிக்காரர்கள் இவளை அனுப்பினார்கள். நடுவயது. அவளுடைய ரப்பர் செருப்பு நடக்கும்போதெல்லாம் கத்தும். உன் அக்கா அவளுக்கு 'கீச்சு' என்று பெயர் வைத்தாள், அவளும் சிரித்துக்கொண்டாள். வந்த புதிதில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. இப்போது அந்தச் சத்தம் நின்றுவிட்டது. செருப்பை மாற்றிவிட்டாள். எதிரே வந்து நிற்கும்வரை அவள் வருவது தெரிவதில்லை. ஒருத்தி தன் நடையின் சத்தத்தை எதற்காக அடக்க வேண்டும்?

கவனித்ததால் சந்தேகம் வந்ததா, சந்தேகம் வந்ததால் கவனிக்கிறேனா என்று எனக்கே தெளிவில்லை. அதனால் பார்த்ததை மட்டும் எழுதுகிறேன்.

காலையில் உன் அக்காவின் வாயருகே மூக்கை வைத்து மோந்து பார்க்கிறாள். பிறகு இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி உள்ளங்கையை நிமிர்த்தச் சொல்கிறாள். "அம்மா, பஸ்ஸ நிறுத்துங்க பாப்போம்" என்பாள். உன் அக்கா நீட்டுவாள். அந்தக் கைகளை வைத்த கண் வாங்காமல் பார்ப்பாள். தையல்காரியைப் போல வயிற்றைச் சுற்றி நாடாவைப் போட்டு அளக்கிறாள். உப்பு ஜாடியை எங்கேயோ ஒளித்துவிட்டாள். இவையெல்லாம் வைத்தியமாகவே இருக்கலாம். ஆனால் அடுத்ததற்கு எனக்கு விளக்கம் கிடைக்கவில்லை. தினமும் காலையில் வெள்ளைத் தாளில் உன் அக்காவைக் கையெழுத்துப் போடச் சொல்கிறாள். தாளில் வேறு ஒன்றும் இருக்காது. வங்கியில் அடுத்தவர் கையெழுத்தைச் சரிபார்த்தே ஓய்வு பெற்றவள், ஒன்றும் எழுதாத தாளில் கையெழுத்துப் போடக் கூடாது என்று ஊருக்கெல்லாம் சொன்னவள், வாய் பேசாமல் போட்டுக் கொடுக்கிறாள்.

"எதுக்கும்மா கையெழுத்து?" என்று ஒருநாள் கேட்டேன். உன் அக்காவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "சும்மா ஒரு பழக்கம் ஐயா" என்றாள்.

தாள்கள் அவள் பைக்குள் போகின்றன. வாரக் கடைசியில் ஒரு உறை தெருமுனைத் தபால்பெட்டிக்குப் போகிறது. மருந்துக் கடை வரை நானும் பின்னால் போய் நின்று பார்த்தேன். அதற்கு மேல் போகத் துணிவு வரவில்லை. இந்த வீடு உன் அக்காவின் பெயரில் இருக்கிறது என்பது உனக்குத் தெரியும்.

மூக்குக் கண்ணாடியையும் காணோம். "என் கண்ணாடிய அவதான் எடுத்தா" என்கிறாள் உன் அக்கா.

எழுதக் கூசும் இன்னொரு விஷயமும் இருக்கிறது. அதை விட்டுவிடுகிறேன்.

நீ ஈரல் வார்டில் தலைமை நர்ஸாக இருந்தவள். இதெல்லாம் முறைதானா என்று மட்டும் எழுது. என்மேல் உள்ள கோபத்தில் ஒன்றையும் குறைக்க வேண்டாம்.

உன் அக்காவின் கணவன்


பிப்ரவரி 9

அத்தான்,

பிரித்தேன். அக்காவுக்காக.

மோப்பம் பிடிப்பது மருத்துவம்தான். ஈரல் ரத்தத்தைச் சுத்தம் செய்யாமல் விட்டால் மூச்சில் ஒரு மக்கின இனிப்பு வாசனை வரும். ஒருதடவை பிடித்த மூக்கு மறக்காது. பஸ்ஸை நிறுத்தச் சொல்வது, கை படபடவென்று அடித்துக்கொள்கிறதா என்று பார்க்க. நாடா, வயிற்றில் நீர் கோத்திருக்கிறதா என்று பார்க்க. உப்பு அந்த நீரைக் கூட்டும் என்பதால் ஜாடி ஒளிந்திருக்கிறது. அக்காவின் கைக்கு மட்டுமா ஒளித்திருப்பாள், பாவம் பார்த்து ஊட்டிவிடுகிற கைக்கும் சேர்த்துத்தான்.

கையெழுத்தும் அதே கதைதான். ஈரல் வடிகட்டாத விஷம் மூளைக்குப் போகும். பேச்சு குழறுவதற்கு முன்னால் எழுத்து குழறும். அதனால் தினமும் ஒரே வார்த்தையை எழுதச் சொல்லி, நேற்றையதோடு வைத்துப் பார்ப்போம். வார்டில் நானே எத்தனையோ பேரிடம் வாங்கியிருக்கிறேன். நோயாளியை வைத்துக்கொண்டு காரணம் சொல்ல மாட்டோம். "உங்க புத்தி சரியா இருக்கான்னு பாக்கறேம்மா" என்று சொன்னால் நல்ல கையும் நடுங்கும். அவள் 'சும்மா' என்றது அதற்காக.

சத்தம் போடாத செருப்பு குற்றமென்றால் ஆஸ்பத்திரியில் பாதிப் பேரை உள்ளே தள்ள வேண்டும். உறையைப் பற்றிக் கேட்டீர்கள். அவளுக்கும் சொந்தபந்தம் இருக்கும், யாருக்கோ கடிதம் போடுகிறாள், உங்களுக்கு என்ன? கண்ணாடியும்தான் ஃபிரிட்ஜில் பால் பாத்திரத்துக்குப் பின்னால் கிடைத்துவிட்டதே, அதற்குப் பிறகும் என்ன திருட்டு?

எழுதக் கூசும் விஷயம் என்று ஒன்றை விட்டிருக்கிறீர்கள். வார்டில் காலம் தள்ளியவளிடம் கூசுவதற்கு என்ன இருக்கிறது? எழுதுங்கள். எனக்கு அதுதான் முதலில் தெரிய வேண்டும்.

இளையவள்


பிப்ரவரி 13

கடுகுக்கு,

உன் கடிதத்தை முதல்முறை படித்தபோது மனம் லேசானது. இரண்டாம் முறை படித்தபோது கனத்தது.

நான் எழுதும் கடிதத்துக்கெல்லாம் கார்பன் நகல் வைப்பவன். அது உனக்குத் தெரியும், அதை வைத்து நீ என்னைக் கேலி செய்ததும் உண்டு. நகலை எடுத்து விரல் வைத்துப் படித்தேன். 'மூக்குக் கண்ணாடியையும் காணோம்' என்றுதான் எழுதியிருக்கிறேன். கண்ணாடி ஃபிரிட்ஜில் கிடைத்தது அந்தக் கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டு வந்த பிறகு. எடுத்துக் கொடுத்தவள் நர்ஸ். அப்போது அந்த அறையில் இருந்தது நாங்கள் மூன்று பேர். நான் உனக்குச் சொல்லவில்லை. உன் அக்காவால் இப்போது போனில் எண்ணைத் தேடி அழுத்த முடியாது.

பால் பாத்திரத்துக்குப் பின்னால் என்பதுவரை உனக்கு எப்படித் தெரியும்?

என் ஞாபகத்தை நான் முழுதாக நம்புவதில்லை. எங்கோ எழுதிவிட்டு மறந்திருப்பேனோ என்று மறுபடி மறுபடி பார்த்தேன். எழுதவில்லை.

முந்தாநாள் துணி காயப்போடும் படிக்கட்டில் நின்று அவள் போனில் பேசிக்கொண்டிருந்தாள். "இன்னிக்கும் கோணலாத்தாங்க்கா இருக்கு கையெழுத்து… ஐயாவா? நான் எங்க போனாலும் வால் மாதிரி பின்னாலயே வராரு." என்னைக் கண்டதும் போனை இடுப்பில் செருகிக்கொண்டாள். அந்த 'அக்கா' யார் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். நான் என்றைக்கு எதைக் கேட்டிருக்கிறேன்? அன்றிலிருந்து என் போனை அணைத்து அலமாரியில் வைத்துவிட்டேன்.

கையெழுத்துக்கு நீ சொன்ன காரணம் நம்பும்படி இருக்கிறது. இவ்வளவு நம்பும்படி இருப்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

உன் அக்கா மாறிக்கொண்டே போகிறாள். பகலெல்லாம் தூக்கம், இரவெல்லாம் விழிப்பு. நேற்று என் சட்டையைப் பிடித்து இழுத்துக் காதில் சொன்னாள்: "வாத்தியாரே, இவ கீச்சு இல்ல. கீச்சுன்னா கீச்சுன்னு கேக்கணுமா வேண்டாமா? கேக்குதா? இது வேற ஆளு. அவள என்னமோ பண்ணிட்டு இவ வந்திருக்கா."

சிரிக்காதே. போலிக் கையெழுத்தை ஒரு பார்வையில் பிடித்தவள் சொல்கிறாள். இத்தனை வருடத்தில் ஆள் விஷயத்தில் அவள் கணக்கு தப்பியதில்லை, தப்பியதெல்லாம் என் கணக்குதான். அவளை நம்பாமல், இரண்டு மாதம் முன்னால் வந்த ஒருத்தியை எப்படி நம்புவேன்?

நீ கேட்ட கூசும் விஷயத்தை எழுத மாட்டேன். அதை நானே கவனித்துக்கொண்டேன். இப்போது அந்தச் சிரமம் உன் அக்காவுக்கு இல்லை.

ஏஜென்சிக்கு எழுதப் போகிறேன்.

உன் அக்காவின் கணவன்


பிப்ரவரி 16
கூரியரில்

அத்தான்,

உங்கள் போன் அணைந்து கிடக்கிறது. நர்ஸ் போனில் கூப்பிட்டுக் கொடுக்கச் சொன்னால் நீங்கள் கதவைச் சாத்திக்கொள்கிறீர்களாம். வேறு வழியில்லாமல் எழுதுகிறேன். இதை நின்றபடியே படியுங்கள், உட்கார நேரமில்லை.

நீங்கள் சந்தேகப்பட்டது சரிதான். அந்த 'அக்கா' நான்தான். கீச்சு என்னோடு வார்டில் வேலை பழகினவள். ஏஜென்சியில் சொல்லி அவளை உங்கள் வீட்டுக்கு அனுப்பியது நான். கையெழுத்துத் தாள்கள் எனக்குத்தான் வருகின்றன. வாசலை மிதிக்காதே என்றீர்கள், மிதிக்கவில்லை. கண்ணை மட்டும் அனுப்பி வைத்தேன். சொன்னால் அவளையும் திருப்பி அனுப்பிவிடுவீர்கள் என்று ஒளித்தேன். அது என் தப்பு. சண்டையைப் பிறகு போட்டுக்கொள்ளலாம்.

வந்த தாள்களை மேசையில் வரிசையாக வைத்திருக்கிறேன். முதல் தாள்களில் அக்காவின் கையெழுத்து வங்கியில் போட்ட மாதிரியே நேராக ஓடுகிறது. நடுவில் சரிகிறது. கடைசித் தாளில் பாதிப் பெயரோடு நின்றுவிட்டது, மீதி தாளுக்கு வெளியே போய்விட்டது. மருந்து ஒழுங்காகப் போகிற உடம்பில் இப்படி ஆகக் கூடாது.

முதலில் கீச்சைத்தான் சந்தேகப்பட்டேன். "சிரப்ப அளந்து ஊத்துறியா, இல்ல அந்தம்மா முகத்த சுளிச்சா விட்டுடறியா?" என்று வாயில் வந்ததையெல்லாம் கேட்டேன். அழுதுவிட்டாள். "முழு அளவும் குடுக்கறேங்க்கா, முழுங்குறாங்க, ஆனா வெளிக்கே போக மாட்டேங்கறாங்க" என்றாள். அடுத்து கடைக்காரனைச் சந்தேகப்பட்டேன். அப்புறம் உங்கள் கடிதம் வந்தது. 'அதை நானே கவனித்துக்கொண்டேன். இப்போது அந்தச் சிரமம் உன் அக்காவுக்கு இல்லை.'

எந்தச் சிரமம் அத்தான்?

அக்கா தினமும் குடிக்கிற அந்த இனிப்பு சிரப் மலச்சிக்கலுக்குக் கொடுப்பதல்ல. குடலில் உண்டாகும் அம்மோனியாவைப் பிடித்து வெளியே தள்ளத்தான் அது. நாளைக்கு இரண்டு மூன்று தடவை போகத்தான் வேண்டும். போகாவிட்டால் அந்த விஷம் தலைக்கு ஏறும். ஏறினால் ராத்திரி பகலாகும், கண்ணாடி ஃபிரிட்ஜுக்குப் போகும், தெரிந்த முகம் வேறு முகமாகத் தெரியும். அக்கா சொல்கிற திருட்டும் ஆள்மாறாட்டமும் அக்கா பேசுகிற பேச்சு இல்லை. அது அம்மோனியா பேசுகிறது.

நேராகவே கேட்கிறேன். அந்த பாட்டிலை நர்ஸைத் தவிர யார் தொடுகிறார்கள்?

எந்தக் காரணத்துக்காகவும் கீச்சை வெளியே அனுப்பாதீர்கள். அக்கா அசந்து தூங்க ஆரம்பித்தால் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.

கடுகு


பிப்ரவரி 16

கடுகுக்கு,

முடித்துவிட்டேன். ஏஜென்சிக்குப் புகார் எழுதிக் கையிலேயே கொண்டுபோய்க் கொடுத்தேன். நேற்று மாலையே அவளை அழைத்துக்கொண்டார்கள். கதவருகே நின்று ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "வேண்டாம்மா" என்றேன். "மருந்த மட்டும் நிறுத்திராதீங்க ஐயா" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். அவள் கண் கலங்கியிருந்ததோ என்று ஒரு நினைப்பு. மாலை வெளிச்சத்தில் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

நான் இப்படி ஒரு காரியத்தைத் தனியாக முடிவெடுத்துச் செய்தது இதுவே முதல் தடவை. கொஞ்சம் பெருமையாக இருக்கிறது.

வீடு அமைதியாக இருக்கிறது. நடமாட்டம் இல்லை, மோப்பம் இல்லை, நாடா இல்லை. உன் அக்கா யாரையும் திட்டவில்லை. காலையிலிருந்து நிம்மதியாகத் தூங்குகிறாள். இரண்டு தடவை கூப்பிட்டேன், "ம்" என்றாள். எத்தனை நாளைய தூக்கமோ, எழுப்ப மனம் வரவில்லை.

அந்தக் கண்ணாடி விஷயத்துக்கு நீ இன்னும் பதில் எழுதவில்லை. காத்திருக்கிறேன்.

உன் அக்காவின் கணவன்


மார்ச் 2

அத்தான்,

உங்கள் பதினாறாம் தேதிக் கடிதத்தை ஊருக்குத் திரும்பி வந்து கதவைத் திறந்தபோதுதான் பார்த்தேன். கதவுக்குக் கீழே கிடந்தது. 'நிம்மதியாகத் தூங்குகிறாள்' என்று எழுதியிருக்கிறீர்கள். எந்தத் தூக்கத்திலிருந்து அவளை எழுப்பி எடுத்தோம் என்று உங்களுக்குத் தெரியும். என் கூரியரும் நானும் ஒரே நாளில் உங்கள் வாசலுக்கு வந்தோம். கூரியரைப் போட்டுவிட்டு வந்ததும், வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள் என்று கீச்சு போனில் அழுத அழுகையில் நான் அன்றைக்கே பஸ் ஏறாமல் இருந்திருந்தால், இந்தக் கடிதத்தை இன்னும் வைத்துக்கொண்டு என்ன செய்வேன் என்று யோசிக்கப் பிடிக்கவில்லை. வாசலை மிதித்தேன். உங்களைத் தள்ளிவிட்டும்தான் போனேன். இரண்டுக்கும் மன்னிப்புக் கேட்க மாட்டேன்.

எனிமா கொடுத்து, டிரிப் ஏறி, அக்கா கண்ணைத் திறந்த அன்று டாக்டர் கையை நீட்டச் சொன்னபோது என்ன சொன்னாள் ஞாபகம் இருக்கிறதா? "இன்னும் எத்தன பஸ்ஸதான்யா நான் நிறுத்தறது? ஒருத்தனும் ஏத்திக்க மாட்டேங்கறான்." வார்டே சிரித்தது. நீங்கள் மட்டும் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதீர்கள்.

அதற்கு முதல் நாள் நடந்ததும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. வராந்தாவில் அந்தச் சின்ன டாக்டர், "மருந்தெல்லாம் ஒழுங்கா குடுத்தீங்களா சார்?" என்று கேட்டார். நீங்கள் தலையாட்டினீர்கள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

மாற்றுத் துணி எடுக்க வீட்டுக்குப் போனபோது பாட்டிலைத் திறந்து நாக்கில் வைத்துப் பார்த்தேன். பார்வைக்கு அச்சு அசல். நிறம், கெட்டி, எல்லாம். ஆனால் அது வெறும் சர்க்கரைப் பாகு. இவ்வளவு கச்சிதமாகப் பதம் எடுக்க அந்த வீட்டில் ஒரே ஒருவரால்தான் முடியும். அக்காவிடம் நான் சொல்லவில்லை. டாக்டரிடம் மட்டும் மருந்து சரியாகப் போகவில்லை என்று சொன்னேன். யாரால் என்று அவர் கேட்கவில்லை.

எனக்கு இரண்டு வேண்டும். ஒன்று, ஏன் செய்தீர்கள் என்று உங்கள் கையால் எழுதுங்கள். நீங்கள் ஈவிரக்கமில்லாதவர் என்று நான் கோபத்தில் சொன்னதுண்டு, நினைத்ததில்லை. அதனால்தான் எனக்குப் புரியவே இல்லை. இன்னொன்று, கீச்சு. உங்கள் புகாரை வைத்துக்கொண்டு ஏஜென்சிக்காரர்கள் அவளை எந்த வீட்டுக்கும் அனுப்ப மாட்டோம் என்கிறார்கள். 'நோயாளியிடம் வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்கினாள்' என்று எழுதினால் யார்தான் அனுப்புவார்கள்? நான் போய்ச் சொன்னேன். "நீங்க அவங்களுக்கு வேண்டியவங்க, புகார் குடுத்தவர் வந்து சொல்லட்டும்" என்கிறார்கள். அவள் பேரை நீங்கள்தான் கெடுத்தீர்கள், நீங்கள்தான் சரிசெய்ய வேண்டும். வாயைத் திறந்து. தலையாட்டினால் போதாது.

அதுவரை அந்த வீட்டில் மருந்து ஊற்றுகிற கையை என்னால் நம்ப முடியாது அத்தான். பக்கத்து வீட்டு அம்மாளிடம் சொல்லி வைத்திருக்கிறேன், வந்து பார்த்துவிட்டுப் போவார். இதையும் ஒளிக்காமல் எழுதிவிட்டேன்.

கடுகு


மார்ச் 9

அன்புள்ள கடுகு,

இந்தக் கடிதத்துக்கு நகல் எடுக்கவில்லை.

பாட்டிலை மாற்றியது நான்தான். முதலில் பாதி, பிறகு முக்கால், கடைசியில் முழுவதும். சர்க்கரைப் பாகை ஆறவைத்து, இரண்டு கம்பிகளில் தொட்டு ஒழுகும் வேகத்தை ஒப்பிட்டுப் பார்த்துப் பதம் பிடித்தேன். சோதனைச்சாலையில் ஒருநாளும் அவ்வளவு கவனமாக இருந்ததில்லை. சிரப்பின் சீட்டைப் படித்தேன். உடம்பு ஏற்றுக்கொள்ளாத ஒருவகைச் சர்க்கரை என்று இருந்தது. ஏற்றுக்கொள்ளாத சர்க்கரை வயிற்றைக் கழியவைக்கும், வேறு என்ன செய்யும் என்று முடிவுகட்டினேன். அம்மோனியாவைப் பற்றி வருடாவருடம் பாடம் நடத்தியவன், அது என் வீட்டுக் கட்டிலுக்கு வரும் என்று நினைக்கவில்லை.

எல்லாவற்றையும் நர்ஸ் முதல் நாளே சொல்லியிருக்கிறாள். எனக்கு அதுவே தெரியாது. அவள் உன் அக்காவுக்கு 'எத்தனை தடவை போகணும்' என்று தொடங்கியதும் நான் "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லிக்கொண்டே அறையை விட்டு வெளியே வந்துவிட்டேன். ஒரு பெண் என் முன்னால் அந்தப் பேச்சைப் பேசியதில் எனக்குக் கூச்சம். எழுதக் கூசிய விஷயமும் அதுதான். அந்தக் கூச்சத்துக்கு உன் அக்கா கொடுத்த விலை உனக்குத் தெரியும்.

ஏன் செய்தேன் என்று கேட்டாய். அவள் படும் பாட்டைப் பார்க்க முடியவில்லை. அதற்கு மேல் என்னிடம் காரணம் இல்லை. அதற்கு மேல் கேட்காதே.

டாக்டரிடம் போய்ச் சொல்லிவிட்டேன். அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். புதுச் சீட்டு எழுதிக் கொடுத்து, "இனிமே பாத்துக்கங்க சார்" என்றார்.

ஏஜென்சிக்கு நேரில் போனேன். மேலாளர், எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள் என்றார். எழுதிக் கொடுத்தேன். அதோடு, அங்கே உட்கார்ந்திருந்த மற்ற நர்ஸ்கள் எல்லாரும் கேட்கும்படி வாயாலும் சொன்னேன். பாதியில் தண்ணீர் வாங்கிக் குடித்தேன். ஆனால் முடித்தேன்.

பிறகு கீச்சின் வீட்டைத் தேடிக்கொண்டு போனேன். மாடிப்படியில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கவில்லை.

"வாங்க ஐயா. இங்க வரைக்கும் பின்னாலயே வந்துட்டீங்களா?"

"இந்தத் தடவ முன்னாலயே வந்திருக்கேம்மா."

"உங்க வீட்ல ஒரு டம்ளர் தண்ணி மோந்து குடிக்க எனக்கு பயமா இருந்துச்சு, தெரியுமா? முதுகுலயே கண்ணு இருக்கும். அம்மாவுக்கு பகல்ல தூக்கம் கெடுதேன்னு என் கைக்காசுல செருப்பு மாத்தினேன். அது குத்தமாப் போச்சு."

"தப்பு என்னுதும்மா."

"தப்புன்னு தெரியுதுல்ல, சரி. நானும் ஒண்ணு ஒத்துக்கறேன். யார் அனுப்புனதுன்னு உங்ககிட்ட சொல்லியிருக்கணும். ஒளிஞ்சு பாத்தது எனக்கும் பிடிக்கல." ஒரு போர்வையை உதறி மடித்தாள். "நான் வரணும்னா ஒரு நிபந்தனை."

"சொல்லும்மா."

"நான் மருந்து பத்திப் பேசும்போது நீங்க அந்த ரூம விட்டுப் போகக் கூடாது. தினமும் காலைல நீங்கதான் என்கிட்ட கேக்கணும், எத்தன தடவ போச்சுன்னு. என்ன போச்சுன்னு வாய் விட்டுச் சொல்லணும். இப்ப சொல்லுங்க பாப்போம்."

"இங்கேயா?"

"இங்கதான்."

சொன்னேன். முதலில் அவளுக்குக் கேட்கவில்லை என்றாள். மறுபடி சொன்னேன். எதிர்வீட்டு ஜன்னலில் ஒரு தலை திரும்பியது. கீச்சு போர்வையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்து வெகுநாளாகிவிட்டது.

மறுநாள் வந்துவிட்டாள். பழைய செருப்பைப் போட்டுக்கொண்டு வந்தாள். உன் அக்கா அந்தச் சத்தத்தைக் கேட்டதும், "வந்துட்டாய்யா என் கீச்சு" என்றாள்.

உன்மேல் எனக்கு ஒரு வருத்தம் இருந்தது. என் வீட்டுக்குள் எனக்குத் தெரியாமல் கண்ணை வைத்தாய் என்று. பிறகு யோசித்தேன். வாசலைச் சாத்தினவன் ஜன்னல் வழியாகப் பார்த்தவளைக் குறை சொல்ல முடியாது. வாசல் திறந்திருக்கிறது. உப்பு ஜாடி இன்னும் ஒளிந்துதான் இருக்கிறது, அதனால் சாப்பாடு எப்படியிருக்கும் என்பதை நீயே ஊகித்துக்கொள். வா.

உன் அக்கா இந்தக் கடிதத்தை வாங்கிப் படித்தாள். தடுக்க நினைத்தேன், முடியவில்லை. பேனாவையும் கேட்கிறாள். கொடுத்துவிட்டு நான் அடுப்படிக்குப் போகிறேன்.

அத்தான்


கடுகு,

உங்க அத்தான் எழுதினதுல ஒரு வரி குறையுது. குறைஞ்ச கணக்குல கையெழுத்துப் போட்டு எனக்குப் பழக்கமில்ல. ஒருநாள் நான் பாத்ரூம் கதவைப் பிடிச்சுக்கிட்டு நிக்க முடியாம நின்னப்ப, "என்னால முடியல வாத்தியாரே, எனக்குத் தெரியாமலாவது அந்த மருந்த நிறுத்திடுங்க" என்று அழுதது நான். அப்போது எனக்குப் புத்தி நன்றாகவே இருந்தது. எனக்கு அது மறந்துபோயிருக்கும் என்று நினைத்து, பழியை அவர் மொத்தமாக எடுத்து வைத்துக்கொண்டார். மறக்கவில்லை.

பாட்டில் இப்போது அலமாரியில் பூட்டியிருக்கிறது. சாவி கீச்சிடம். அதை அவரிடமும் கொடுக்கக் கூடாது, நானே கெஞ்சினாலும் என்னிடமும் கொடுக்கக் கூடாது என்று நான்தான் சொன்னேன். எனக்கு என் மேலேயே கொஞ்சம் சந்தேகம் இருப்பது நல்லதுடி.

இதை யார் எழுதினது என்று உனக்கும் சந்தேகம் வரலாம். கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். உன் மேசையில் இருக்கும் முதல் தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்துச் சரிபார்த்துக்கொள்.